மாடிக் கீரைக்கு முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாடியில் பிவிசி குழாய் அமைத்து, மண்ணில்லாமல், உரம் கரைத்த சத்துநீரைச் சுழற்றிக் கீரை வளர்க்க விரும்புவோர் கவனத்துக்கு. குழாய் சரிவு 40-க்கு 1, குழாய்க்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட்டம். இதெல்லாம் எளிது. சிக்கல் தண்ணீரில்தான்.

பாலாற்றுப் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. செடி சத்தை உறிஞ்சிக்கொள்ள, உப்பிலுள்ள சோடியமும் குளோரைடும் சத்துநீர்த் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு அதில் கரைந்துள்ள உரம், உப்பு எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஈ.சி. மீட்டர் 1.6 (mS/cm) காட்டும்; அதில் பாதி வெறும் உப்பாகவும் இருக்கலாம்! மழைநீரோ ஆர்.ஓ. நீரோ கலந்து, உரமிடும் முன் ஈ.சி.யை 0.5-க்குள் கொண்டுவாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை முழுதாக மாற்றுங்கள். பழைய நீரைத் தென்னைக்கு விடலாம். சத்துநீரின் பி.எச். (அமில, காரத் தன்மை அளவு) 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். கால்சியம் நைட்ரேட் கரைசலைத் தனியே வையுங்கள்; மற்ற உரங்களோடு அடர்த்தியாகக் கலந்தால் சுண்ணாம்பு போல் படிந்துவிடும்.

நம்மூர் அக்னி நட்சத்திர வெயிலில் நீர் 28 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறைந்து வேர் பழுப்பாகி அழுகும். தொட்டியை மாடிப்படிக்கு அடியில் வைத்து, காற்று பம்ப் போடுங்கள். மின்தடைக்கு இன்வெர்ட்டர் கட்டாயம். நண்பகலில் ஓட்டம் நின்றால் சிறிது நேரத்திலேயே செடி துவண்டுவிடும்.

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் கோடைக்கு முன்பே இதற்கெனப் பயிற்சி நடத்த வேண்டுகிறோம்.

மாடித்தோட்ட ஆர்வலர்கள்,
காட்பாடி.