பன்மையையும் உடைமையையும் பிரித்துக் கற்பிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சிகளில் விலங்குப் பெயர்களின் பன்மை ஒரு பாடமாகவும், அவற்றின் உடைமை வடிவம் வேறொரு பாடமாகவும் வருகின்றன. பிள்ளைகள் தடுமாறுவதற்கு இந்தப் பிரிவே பெரிய காரணம்.

நாய்கள், நாயின், நாய்களின் என்ற மூன்றும் தமிழில் காதிலேயே பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒலி ‘டாக்ஸ்’தான். வேறுபாடு எழுத்தில் மட்டுமே இருக்கிறது. பன்மைக்கு வெறும் எஸ்; ஒரு நாயினுடையது என்றால் அப்பாஸ்ட்ரஃபி என்ற குறி (’) போட்டு எஸ்; பல நாய்களுடையது என்றால் எஸ் எழுதி அதற்குப் பின் அப்பாஸ்ட்ரஃபி. காதை மட்டும் நம்பும் பிள்ளைக்கு இது எப்படிப் பிடிபடும்?

வரிசை என்னவோ நமக்குப் பழகியதுதான். ‘நாய்களின்’ என்பதில் முதலில் ‘கள்’, பிறகு ‘இன்’. அதேபோல ஒன்றா பலவா என்று முடிவு செய்து, சொல்லை முழுதாக எழுதிய பிறகே குறியைத் தொட வேண்டும். ஒருமைக்கு எப்போதும் குறியும் எஸ்ஸும். ஆக்டபஸ் போல எஸ்ஸில் முடியும் பெயருக்கும் அப்படித்தான். பன்மை எஸ்ஸில் முடிந்தால் குறி மட்டும் போதும். மைஸ், கீஸ், ஆக்ஸன் போன்றவற்றுக்குக் குறியோடு எஸ்ஸும் தேவை. மைஸ் காதுக்கு எஸ்ஸில் முடிவதுபோல் கேட்டாலும் எழுத்தில் சி, இ என்றே முடிகிறது. பலர் சறுக்கும் இடம் இது.

எழுதியதைச் சரிபார்க்க, குறியையும் அதற்கு வலப்புறம் இருப்பதையும் விரலால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிஞ்சுவதுதான் உடைமையாளர். உல்ஃப் என்பதன் பன்மையில் எஃப் போய் வி, இ, எஸ் வரும். அதைப் பார்த்து, ஒற்றை ஓநாயின் வாலுக்கும் வி, இ எழுதிக் குறி போடுகிறார்கள். மறைத்துப் பார்த்தால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று தெரிந்துவிடும். போனி என்பதிலும் இதே பிழைதான்: பன்மையில் ஒய் மாறி ஐ, இ, எஸ் ஆகும், ஒரு போனியின் சேணம் என்னும்போது ஒய் அப்படியே நிற்கும். மங்கி, டாங்கி இரண்டிலும் ஒய்க்கு முன் இ இருப்பதால் பன்மைக்கு வெறும் எஸ் போதும்.

கூஸ் கீஸ் ஆகிறதே என்று மங்கூஸை மாற்றக் கூடாது. அது மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், பன்மை மங்கூஸஸ்.

ஷீப், டியர் இரண்டும் பன்மையில் மாறாதவை. அதனால் ஒரு மானின் கொம்புக்கும் பல மான்களின் கொம்புக்கும் எழுத்து ஒன்றே: டியர், குறி, எஸ். குழப்பம் வரும் என்று தோன்றினால் ‘த்ரீ’ போன்ற எண்ணுப்பெயரை முன்னால் சேர்க்க வேண்டும். குறியை எஸ்ஸுக்குப் பின்னால் தள்ளுவது தவறு.

ஆகவே பயிற்சிகளில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒருமை, பன்மை, ஒருமையின் உடைமை, பன்மையின் உடைமை என நான்கு கட்டங்கள் தாருங்கள். உல்ஃப், போனி, ஃபாக்ஸ், மவுஸ், ஷீப் ஆகிய ஐந்தை நிரப்பினாலே முக்கியமான வகைகள் எல்லாம் வந்துவிடும். ஆறாவது வரிசையாக ‘இட்’ என்பதையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதைத் தனியாகவே தர வேண்டும். அதன் உடைமை வடிவத்தில் குறியே கிடையாது. குறி போட்டால் ‘இட் இஸ்’ என்று பொருள் மாறிவிடும்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்