வெல்ஷ் மொழியும் முன்னாள் படைவீரர்களும்

ஆசிரியருக்கு,

வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத், 2025 மே மாதம் வெல்ஷ் மொழி, கல்விச் சட்டத்தை நிறைவேற்றியதை மனமார வரவேற்கிறேன். 2050க்குள் 10 லட்சம் பேர் அம்மொழியைப் பேச வேண்டும் என்பது இலக்கு. 2021 கணக்கெடுப்பில் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5.38 லட்சம்தான், 2011ஐவிடக் குறைவு. போதிய ஆசிரியர்களை உருவாக்காவிட்டால் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

அதே கணக்கெடுப்பில்தான் முன்னாள் படைவீரரா என்று முதன்முறையாகக் கேட்டார்கள். வேல்ஸில் சுமார் 1.15 லட்சம் பேர். பாதுகாப்புத் துறை லண்டனில் உள்ள பிரிட்டன் அரசின் வசம் இருந்தாலும், ஊர் திரும்பியவர்களின் மருத்துவமும் வீட்டுவசதியும் கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அரசின் பொறுப்பு. போர்க்கள வேதனையைத் தாய்மொழியில் சொல்ல விரும்பும் வீரருக்கு வெல்ஷ் பேசும் மனநல ஆலோசகர் கிடைக்க வேண்டும். செனெத் உறுப்பினர்கள் மொழி, முன்னாள் வீரர் நலன் இரண்டுக்கும் தனித்தனியே கை தூக்கி வாக்களித்துவிட்டுப் போகாமல், இதற்கென்றே நிதி ஒதுக்க வேண்டும்.

– வாசகர் ஒருவர், கார்டிஃப்