செருப்பு அலமாரிக்கு மட்டும் வேகமான இணையம்

எங்கள் குடியிருப்புக்கு ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். மாலையானால் என் பின்னறையில் வைஃபை வேகம் படுத்துவிடுகிறது என்று நான்கு மாதத்தில் ஏழு முறை உங்களிடம் புகார் பதிந்திருக்கிறேன். ஏழு முறையும் "ரவுட்டரை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள்" என்றீர்கள். போட்டேன், சரியானது. மறுநாள் மாலை அதே கதை. உங்கள் பதிவேட்டில் ஏழுமே 'தீர்க்கப்பட்டது' என்று இருக்கும். "எங்கள் பக்கம் லைன் நன்றாக இருக்கிறது, மேடம்" என்று கடைசியாகப் பேசிய பெண் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஞாயிறு பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் ஒரு லேன் கேபிளோடு வந்தான். என் மடிக்கணினியை ரவுட்டரில் நேராகச் செருகிப் பார்த்தான். நான் பணம் கட்டும் 100 எம்பிபிஎஸ் (Mbps, இணைய வேகத்தின் அளவு) வேகத்தில் 94 வந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் நின்று வைஃபையில் பார்த்தோம், 90. பின்னறையில் நான் வேலை பார்க்கும் மேசைக்குப் போனோம், 3. பத்தே நிமிட வேலை. ஏழு அழைப்புகளில் ஒருவர்கூட இதைச் செய்து பார்க்கச் சொல்லவில்லை.

இணைப்புத் தந்த நாளில் உங்கள் ஊழியர் கம்பி நுழைந்த இடத்திலேயே, வாசல் கதவோரம், செருப்பு அலமாரிக்கு மேல் ரவுட்டரை ஆணியடித்து மாட்டினார். கூடத்துக்குக் கொண்டுபோக முடியாதா என்று கேட்டேன். கேபிள் போதாது என்றார். அன்று அவருக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கிருந்து என் மேசைக்கு நடுவில் இரண்டு சுவர்கள், ஒரு கான்கிரீட் தூண், போதாததற்கு மாமியாருக்குச் சீராக வந்த ஆறடி இரும்பு பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. சுவர் அலையை மெலியவைக்கும். இரும்பு திருப்பியே அனுப்பிவிடும். என் ரவுட்டரின் வைஃபை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 வேகமானதுதான், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடுகிறது. மாடிப்படியில் உட்கார்ந்தால் பிரமாதமாக வருகிறது. அங்கே உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய முடியுமா?

ஆகவே பின்னறையில் கிடைப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அந்த அலைவரிசையைச் சானல்கள் என்று சிறு பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றோடொன்று மோதாதவை மூன்றே: 1, 6, 11. மாணவனின் கைப்பேசியில் பார்த்தபோது எங்கள் மாடியில் 19 வைஃபை பெயர்கள் தெரிந்தன. என்னுடையதையும் சேர்த்துப் பதினொன்று சானல் 6இல். மூன்று குழாய் இருக்க ஒரே குழாயடியில் பதினொரு குடம். மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் என் குடம் நிறைவதே இல்லை. அணைத்துப் போட்டால் சரியாவதன் ரகசியமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: ரவுட்டர் விழித்தெழும்போது நெரிசல் குறைந்த சானலாகப் பார்த்து உட்காருகிறது, பிறகு அங்கும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. நானே மாற்றிக்கொள்ளலாம் என்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், கடவுச்சொல் உங்களிடம்.

இதற்கிடையில் உங்கள் விற்பனைப் பிரிவு அழைத்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொன்னது. மாறினால் செருப்புகளுக்கு 300 கிடைக்கும். எனக்கு அதே 3.

உண்மையான லைன் கோளாறும் ஒருமுறை வந்தது. வடிகாலுக்குத் தோண்டியவர்கள் கம்பியை வெட்டிவிட்டார்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னியது. மூன்று மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தீர்கள், நன்றி. சிவப்பு என்றால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று ரவுட்டரின் மேல் தமிழில் ஒரு வரி ஒட்டியிருந்தால், அன்று காலை நானும் என் கணவரும் அந்த பீரோவை நகர்த்தியிருக்க மாட்டோம்.

இனி யார் அழைத்தாலும், அணைத்துப் போடச் சொல்லும் முன் "ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால் வருகிறதா?" என்று கேளுங்கள். வருகிறது என்றால் கோளாறு லைனில் இல்லை, ரவுட்டரை மாட்டிய இடத்தில் இருக்கிறது. வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று இணைப்புத் தர வருபவர் கேட்பதற்கும் அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சானலை மாற்றும் கடவுச்சொல்லை எனக்குத் தாருங்கள்.

வரும் சனிக்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். ஆள் அனுப்பினால் பதினைந்து மீட்டர் கேபிளோடு அனுப்புங்கள். கேபிளுக்கு உள்ள பணத்தை நானே தருகிறேன். ஆணியும் சுத்தியலும் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, பின்னறை வாடிக்கையாளர்