சோத்து வாளி யாரு கையில? நம்ம சபையோட சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயரவர்களுக்கும் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

போன பிரதிஷ்டை பண்டிகைக்கு கோயில்ல போட்ட அசன விருந்துல நடந்தது இன்னும் என் மனசுல கெடந்து உறுத்துது. ரெண்டாவது பந்தி ஓடுது, நான் ரசவாளியோட நிக்கேன், மூணு வருஷத்துக்கு முன்னாடி ஞானஸ்நானம் எடுத்த கீழத்தெரு அண்ணன் பரிமாறலாம்னு சோத்து வாளிய தூக்குனாரு, உடனே நம்ம ஆளு ஒருத்தரு வந்து வாளிய வாங்கிட்டு "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்"னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அண்ணன் கைய வேட்டியில தொடச்சுக்கிட்டு செவுத்தோரமா போயி நின்னாரு. எதுக்குன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும், சாதிதான். நானும் வாயத் தொறக்கல, அடுத்த எலைக்கு ரசம் ஊத்தப் போயிட்டேன். அது என் பாவம்தான், ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டேன், அவர்கிட்டயும் போய் மன்னிப்பு கேட்டேன்.

குடிய விட்டேன்னு அவரு சாட்சி சொன்ன அன்னிக்கு நாமதான அல்லேலூயா சொன்னோம்? அவரு மாறிட்டாரு. நாலு தலைமுறையா கோயிலுக்கு வர்ற நாம எதுல மாறியிருக்கோம்?

பேதுருவப் பாருங்க. பெந்தெகொஸ்தே நாள்ல பரிசுத்த ஆவி எறங்குன ஆளு, மூவாயிரம் பேரு ரட்சிக்கப்படுற மாதிரி பிரசங்கம் பண்ணவரு. அதுக்கப்புறமும் யோப்பாவுல, அதுவும் ஒரு தோல் பதனிடுறவர் வீட்டு மாடியில, எந்த மனுசனையும் தீட்டுன்னு சொல்லக்கூடாதுன்னு காட்டுன அந்தத் துப்பட்டி தரிசனம் மூணு தரம் வர வேண்டியிருந்துச்சு, அப்புறந்தான் யூதரல்லாத கொர்நேலியு வீட்டுக்குள்ள கால் வச்சாரு. அவ்வளவு ஆனவரு அந்தியோகியாவுல எருசலேம் ஆளுங்க வந்ததும் பயந்து, யூதரல்லாதவங்களோட சாப்பிட்டுக்கிட்டிருந்த பந்திய விட்டு விலகிட்டாரு, பவுல் எல்லார் முன்னாடியும் நேருக்கு நேரா கண்டிக்க வேண்டியதாச்சு. அங்கயும் பிரச்சன சாப்பாட்டுப் பந்திதான் பாருங்க. ஒருதடவ ரட்சிக்கப்பட்டேன், வேலை முடிஞ்சிச்சுன்னு அப்போஸ்தலனாலயே இருக்க முடியல.

நம்ம பக்கத்துலயும் இது பழைய கதை. 1833லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வித்தியாசத்த உடனே அடியோட விடணும்னு தென்னிந்திய சபைகளுக்கு நிருபம் அனுப்புனாரு. தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் நெறைய பேரு சபைய விட்டே போனாங்களே தவிர சாதிய விடல. 1947ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல்னு இருந்தவங்க சேர்ந்து சிஎஸ்ஐ, அதான் தென்னிந்திய திருச்சபை ஆனாங்க, எத்தனையோ வருஷம் உக்காந்து பேசி உபதேச வித்தியாசத்தையே தீத்தாங்க. நம்மால ஒரு வாளிய கைமாத்த முடியல.

"நாலு குடும்பம் சாப்பிடாமப் போயிருவாங்க"ன்னு ஒரு அண்ணாச்சி என்கிட்ட சொன்னாரு. போகட்டும் அண்ணாச்சி, அவங்க வீட்டுக்குப் போயி நானே பேசுதேன், ஜெபிக்கேன். ஆனா அந்தப் பயத்துக்காக இன்னொரு குடும்பத்த செவுத்தோரமா நிறுத்தாதீங்க.

இந்த வருஷ அசனத்துக்கு பரிமாறுறவங்க லிஸ்ட் போடுறப்ப அந்த அண்ணன் பேர சோத்து வாளிக்கு எழுதுங்க. எம்பேர அவருக்கு அடுத்து ரசத்துக்குப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க சபைப் பிள்ளை