சனசமூக நிலையம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், போசகர், அங்கத்தவர்களே,

பொங்கல் விளையாட்டு, வாணி விழா, சிரமதானங்கள் வழமைபோல நடந்தன.

இந்த வருடம் என் நேரத்தை அதிகம் எடுத்தது குப்பைமேட்டு ஆய்வுதான். 'செயலாளருக்கு அங்கே என்ன வேலை' என்று சிலர் கேட்டார்களாம். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். 2022இல் சமையல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற ஊர் இது. குப்பை காற்றுப் படாமல் அழுகும்போது வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீதேன், எரியக்கூடியது. அதைக் குழாய் இறக்கி எடுக்கலாமா என்றுதான் பார்த்தோம். கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கிய 10 மெகாவாட் நிலையம் குப்பையையே எரிப்பது, இது வேறு.

மின்சாரம் எடுக்க நமது மேடு சரிவராது. 10 இலட்சம் தொன் குப்பை இருந்தால்தான் முக்கால் மெகாவாட் அளவில் கிடைக்கும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் முகவரகத்தின் பொதுக் கணக்கு. ஆழமும் 12 மீட்டராவது வேண்டும். நமது மேடு பரந்து கிடக்கிறதே தவிர உயரமில்லை. மண் போட்டு மூடுவதுமில்லை, வெயில் காலத்தில் தீயும் பிடிக்கிறது. காற்று உள்ளே போகும் குப்பையில் மீதேன் குறைவு.

சரி, கழிவு மேட்டுக்குப் போகுமுன் வாயுவைப் பிடிக்கலாமே? மரக்கறிக் கழிவு, மீன் கழிவு, அன்னதான மிச்சம் எல்லாவற்றையும் மூடிய தொட்டியில் புளிக்கவிட்டால் வாயு வரும். அதில் 1 கனமீட்டர் ஏறக்குறைய அரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். நமது முன்பள்ளி அடுப்புக்கு இது தோது என்பது என் உறுதியான எண்ணம்.

எவ்வளவு கழிவு சேரும் என்று வீடுவீடாக ஒரு கிழமை நிறுக்க 12 பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது 3 பேர். அவர்களில் ஒருவர் எழுபதைத் தாண்டிய அம்மா; இரவல் தராசைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். மற்ற ஒன்பது பேரும் ஒரு அழைப்பாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். மனம் நொந்தது.

சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாக நிற்கின்றன. விபரம் பொருளாளரிடம் உண்டு. இடமும் தேநீரும் தந்தவர்களுக்கும் கணக்காய்வாளருக்கும் நன்றி.

வரும் வருடம் இந்தப் பொறுப்பை யார் ஏற்றாலும் மகிழ்ச்சியே. ஆனால் தொட்டி கட்டுவதானால் மாரி தொடங்குமுன் குழி வெட்டவேண்டும். நிலுவைச் சந்தா வந்தால் சீமெந்துக்குக் காணும். பற்றுச்சீட்டுப் புத்தகம் இன்று வாசலில் இருக்கிறது.

செயலாளர்