கம்பத்து மாப்பிள்ளைக்கு

ஆற்றங்கரை,
ராமநாதபுரம் மாவட்டம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது நல்ல செய்தி. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாத்திரையையும் விடவில்லை, இனிப்பையும் விடவில்லை. மழை ஐப்பசியில் கொட்டிவிட்டுக் கார்த்திகையில் ஆளையே காணோம். கடலில் நண்டு பரவாயில்லை என்கிறார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜனவரி 15 அன்று லோயர் கேம்பில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கும்போது, "நாமும் மெட்ராஸ் சாப்பர், பட்டாளத்து இன்ஜினியர் பிரிவுதானே, வந்து ரெண்டு வார்த்தை பேசு" என்கிறாய். வருகிறேன். ஆனால் என்ன பேசுவேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு மேடையில் சட்டையைப் பிடித்து இழுக்காதே.

சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை நான் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை எழுதி, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை பேசி, சர்க்கார் பணத்தில் கட்டிய அணை அது. ஆன செலவுக்கு ஒரு இன்ஜினியர் வீட்டுச் சொத்து எந்த மூலைக்கு? அந்த மனிதருக்கு அப்படி ஒரு கதை தேவையும் இல்லை.

அவர் வாழ்க்கையைப் பார். 1841இல் பூனாவில் பிறந்தார். 1849 ஜனவரி 13, சிலியன்வாலா சண்டையில் அப்பாவும் பதினேழு வயது அண்ணனும் ஒரே நாளில் செத்தார்கள். இவருடைய எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் திரும்பவும் பட்டாளத்துக்கே, அதுவும் நம்ம மெட்ராஸ் இன்ஜினியர்ஸுக்கே வந்தான்.

மேற்கே கடலுக்குப் போகிற பெரியாற்றை மறித்து, ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி வைகையில் சேர்ப்பது என்றால் என்ன வேலை என்று நம்மைப் போல மண்வெட்டி பிடித்தவனுக்குத்தான் தெரியும். 1808இல் கேப்டன் கால்டுவெல் (பாதிரியார் இல்லை, அவர் வேறு) வந்து பார்த்துவிட்டு, இது வெறும் கனவு, இனி யாரும் கவனிக்கத் தகுதியில்லாதது என்று எழுதிவிட்டுப் போனார். 1850இல் சின்னதாக ஒரு அணையை ஆரம்பித்தார்கள். காய்ச்சலில் ஆள் நிற்காமல் அதுவும் நின்றது. தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்த பிறகுதான் சர்க்காருக்கு மறுபடி அந்த நினைப்பு வந்தது.

1887இல் வேலை ஆரம்பம். சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) கலந்த கான்கிரீட். அணை எழுப்புவதைவிட, எழுப்பும் இடத்தில் ஆற்றை ஒதுக்கி வைப்பதுதான் பெரும்பாடு. போட்ட தடுப்பையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போக, மறுபடி போட்டார்கள், மறுபடி போனது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். விட்டுவிட்டுப் போகாமல் நின்றார் பார் பென்னிகுவிக், அதற்குத்தான் நான் சல்யூட் அடிப்பேன்.

ஓய்வுக்குப் பிறகு நீயும் நானும் ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அவர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் இன்ஜினியரிங் காலேஜுக்குத் தலைவரானார், 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொன்னார். 1911 மார்ச்சில் காலமானார். 2022இல் அவர் வாழ்ந்த கேம்பர்லியில் நம்ம தமிழ்நாடு அரசு சிலை வைத்தது.

அப்புறம் எங்கள் ஊர் விஷயம். பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்று 1789 வாக்கிலேயே யோசித்து, மலைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னவர் ராமநாதபுரம் அரசரின் பிரதானி, அதாவது மந்திரி, முத்திருளப்ப பிள்ளை. முடியும் என்று தெரிந்தது, கையில் பணம் இல்லை. கொஞ்ச காலத்தில் 1795இல் சேதுபதி முத்துராமலிங்கரையே கும்பெனிக்காரன் சிறையில் போட்டுவிட்டான். அரசரே உள்ளே இருக்கும்போது ஆறு எங்கே திரும்பும்? அந்தப் பிரதானி படம் ஒன்றையும் உங்கள் பந்தலில் மாட்டுங்கள். படம் இல்லையா, பேரை ஒரு தட்டியில் எழுதிவையுங்கள். கூடவே மெட்ராஸ் பயனியர் பட்டாளத்து ஜவான்களையும், காய்ச்சலில் போன கூலிக்காரர்களையும் சேர்த்து ஒரு வரி எழுதினால் குறைந்தா போகும்? ஆபீசர் பேர் நிற்கும், தம்பிகள் பேர் நிற்காது. நம்ம சர்வீஸிலும் அதுதானே நடந்தது.

நீ இருப்பது தலைமடை. உனக்கு இரண்டு போகம். நாங்கள் கடைக்கோடி. வைகைப் பங்கில் ராமநாதபுரத்துக்கு ஏழு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு என்று கணக்கு இருக்கிறது. கணக்கில் நாங்கள்தான் பெரிய வீட்டுக்காரர்கள்! வருகிறது என்றால் பார்த்திபனூர் மதகணை தாண்டிப் பெரிய கண்மாய்க்கு வரும், அது நிரம்பி மிஞ்சினால்தான் எங்கள் முகத்துவாரத்துக்கு. ரோம நாட்டுக் காசு கிடைத்த அழகன்குளம் பக்கத்திலேதான் இருக்கிறது. கப்பல் வந்த ஆற்றில் இன்று சீமைக்கருவேலம். இதை மேடையில் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைமடையில் இருந்து வந்திருக்கிறேன் என்று கட்டாயம் சொல்வேன்.

பேச்சு நீண்டால் முத்திருளப்ப பிள்ளையை வெட்டு என்று சீட்டு அனுப்பாதே. வேண்டுமானால் கர்னலைக் குறைத்துக்கொள்கிறேன்.

14ஆம் தேதி சாயங்காலம் மதுரை வழியாக வந்து சேருவேன். முண்டு மிளகாயும் நெத்திலிக் கருவாடும் கொண்டு வருகிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் போன் போடு. கட்டில் ஒன்று ஒதுக்கி வை, தரையில் படுத்தால் என்னை எழுப்ப ஒரு செக்ஷன் ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்