செயலாளரின் ஆண்டறிக்கை: இரவல் கருத்துகளும் நம் வடிவமைப்புகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் போர் விளையாட்டு மன்றத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகள் குறித்த அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். கூட்டங்கள் வழக்கம்போல் மாதந்தோறும் நடைபெற்றன. நூலகமும் சோதனை ஆட்டங்களும் முந்தைய பொறுப்பாளர்களிடமே தொடர்ந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, ஆண்டு முழுவதும் நம் விவாதங்களை ஆட்கொண்டிருந்த ஒரே கேள்விக்கு ஒதுக்க அனுமதி கோருகிறேன். அறிவியல் புனைகதைப் போர் விளையாட்டு ஒன்றில் எது இரவல், எது சொந்தம் என்பதே அக்கேள்வி.

ஆண்டின் தொடக்கத்தில் உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த ஆட்டத்தை, அதில் பூச்சி வடிவ வேற்றுக்கோள் உயிரினங்கள் கூட்டங்கூட்டமாகப் பாய்ந்து வருகின்றன என்ற ஒரே காரணத்துக்காக, பலகையை விரிக்கும் முன்பே சிலர் பழைய சரக்கு என்று ஒதுக்கினார்கள். ஆடிப் பார்க்காமல் வழங்கப்படும் தீர்ப்பு நம் மன்றத்துக்கு உகந்ததல்ல என்று செயற்குழு கருதியது. எனவே, புதிய வடிவமைப்புகளை மதிப்பிடும் முன், ஏற்கெனவே நிலைபெற்ற ஆட்டங்கள் எதை எங்கிருந்து எடுத்தன, எடுத்ததை என்ன செய்தன என்று ஒவ்வொன்றாக ஆராய்வதென முடிவாயிற்று.

நம் துறை தொடக்கம் முதலே இரவலில் வளர்ந்தது. செவ்வாய்க் கோளிலிருந்து வந்த படையெடுப்பாளர்களைக் கதையில் இறக்கிய எச்.ஜி. வெல்ஸ், 1913-இல் பொம்மைப் படைவீரர்களுக்கான விதிகளை நூலாக வெளியிட்டபோது காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி ஆகியவற்றோடு நின்றுவிட்டார். விண்வெளி பலகைக்கு வந்தது வெகு காலம் கழித்துத்தான். வரும்போது வரலாற்றுப் போர் விளையாட்டுகளின் அறுகோணக் கட்டங்களையும், இரு தரப்பின் வலிமையை ஒப்பிட்டு மோதலின் முடிவைச் சொல்லும் தாக்குதல் விகித அட்டவணையையும், பகடையையும் கையோடு எடுத்து வந்தது. ஸ்டீவ் ஜாக்சன் 1977-இல் வடிவமைத்த 'ஓகர்' ஆட்டத்தின் தானியங்கி டாங்கி, கீத் லாமரின் கதைகளில் வரும் 'போலோ' டாங்கிகளின் வழி வந்தது என்பது யாரும் மறைத்த செய்தியன்று. ஆனால் ஒரு பக்கம் ஒரே ஒரு காய், மறுபக்கம் ஒரு முழுப் படை என்று ஆட்டத்தை அமைத்தது வடிவமைப்பாளரின் முடிவு. ஓகர் மார்க் 3 என்ற வகை டாங்கிக்கு, அது ஓடுவதற்கான சங்கிலிப்பட்டை அலகுகள் 45 உண்டு. அவற்றில் 15 அழியும்தோறும் அதன் வேகம் ஒன்று குறையும். எனவே எதிர்த்து நிற்பவர் ஒவ்வொரு முறை சுடும்போதும், அதன் ஆயுதங்களை முடக்குவதா, பட்டைகளைச் சிதைத்து அதன் வருகையைத் தாமதப்படுத்துவதா என்று தீர்மானித்தாக வேண்டும். ஆடுபவருக்கு நேரும் அந்தத் தவிப்பு எந்தக் கதையிலிருந்தும் இரவல் வாங்கப்பட்டதன்று.

கூட்டங்களில் மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டது, பெரும் போர் எந்திரங்கள் மோதும் 'பேட்டில்டெக்' ஆட்டம். 1984-இல் ஃபாசா நிறுவனம் அதை முதலில் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. 'டிராய்ட்' என்ற பெயருக்கு, 'ஸ்டார் வார்ஸ்' படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் உரிமை கோரியதால் அடுத்த பதிப்பில் பெயர் மாறியது. அதன் புகழ்பெற்ற போர் எந்திரங்கள் பலவற்றின் உருவங்கள் மாக்ராஸ், டக்ராம் முதலிய ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களிலிருந்து வந்தவை. அவற்றின் உரிமை பற்றி எழுந்த வழக்குக்குப் பின், 1990களின் நடுவில் ஃபாசா அப்படங்களைத் தன் வெளியீடுகளிலிருந்து நீக்கியது. பெயரும் போயிற்று, முகங்களும் போயின, ஆட்டம் மட்டும் நிலைத்தது. அதை நிலைக்கச் செய்தது, ஆயுதம் சுடும்தோறும் எந்திரத்தில் ஏறும் வெப்பத்தின் கணக்கு என்பது என் உறுதியான கருத்து.

பத்துச் சாதாரண வெப்பத்தணிப்பான்கள் கொண்ட எந்திரம் ஒன்று, நின்ற இடத்திலிருந்தே இரண்டு துகள் பீரங்கிகளைச் சுடுகிறது என்று கொள்வோம். பீரங்கிக்கு 10 வீதம் 20 அலகு வெப்பம் எழும். தணிப்பான்கள் 10-ஐ வெளியேற்றும். மீதி 10 எந்திரத்தின் வெப்ப அளவுகோலில் தங்கிவிடும். அடுத்த சுற்றில் அந்த எந்திரத்தின் நடை குறையும், குறி வைப்பதும் கடினமாகும். பொறுமையின்றி மறுபடியும் இரண்டையும் சுட்டால் அளவு 20-க்கு ஏறும். அப்போது எந்திரம் தானாக அணைந்துவிடாமலிருக்கப் பகடை உருட்ட வேண்டும். 30-ஐத் தொட்டால் பகடைக்கே இடமில்லை, எந்திரம் அணைந்தே விடும். வெல்வதற்கான கருவியே ஆடுபவருக்கு ஆபத்தாகும் இந்த அமைப்பை, எந்திரங்களின் உருவம் எத்தனை முறை மாறினாலும் யாரும் கழற்றிவிட முடியாது.

சட்டம் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடும் முறைக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் வெளிப்படையாகவே கூறுகிறது; விதிநூலின் வாசகத்துக்கும் ஓவியத்துக்கும் பாதுகாப்பு உண்டு; பெயர்களுக்கு வணிகக் குறிச் சட்டம் இருக்கிறது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக, வாங்கிய இடத்தைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

நம் உறுப்பினர்களின் படைப்புகளுக்கு வருகிறேன். விண்கலப் போர் ஆட்டம் ஒன்றில் கலங்கள் கடற்கப்பல்களைப் போலவே திரும்பின, நினைத்த இடத்தில் நின்றன. கடற்போர் விதியை எடுத்தது அதன் குறையன்று. வெற்றிடத்தில் அந்த விதி எப்படிச் செல்லுபடியாகும் என்று கேட்காமல் எடுத்ததே குறை. அதற்கு மாற்றாக 1973-இல் வெளிவந்த 'டிரைபிளானட்டரி' ஆட்டத்தை எடுத்துக் காட்டினோம். அதில் கலம் சென்ற சுற்றில் எத்தனை கட்டம், எந்தத் திசையில் நகர்ந்ததோ, அதே கோடு இந்தச் சுற்றிலும் தொடரும். எரிபொருளைச் செலவிட்டால்தான் கோட்டின் முனையை நகர்த்தலாம். அந்த விதியின் அடியில் இருப்பது நியூட்டன். அவரிடம் கடன் வாங்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

இவ்வாண்டு என்னை மிகவும் மகிழ்வித்த வடிவமைப்பு, ஆணைகளை முன்கூட்டியே எழுதி ஒரே நேரத்தில் திறக்கும் பழைய முறையை எடுத்துக்கொண்டு, அதைத் தொலைவோடு பிணைத்த ஆட்டம்தான். ஒரு சுற்றில் சமிக்ஞை பத்துக் கட்டங்கள் செல்லும். கலமோ ஒன்றோ இரண்டோ கட்டங்கள்தான் நகரும். தலைமைக் கலத்திலிருந்து முப்பது கட்டம் தள்ளி நிற்கும் கலத்துக்கு இன்று எழுதும் ஆணை மூன்று சுற்றுகள் கழித்தே திறக்கப்படும். சோதனை ஆட்டமொன்றில் 'பின்வாங்கு' என்ற சீட்டு திறக்கப்பட்ட வேளையில் எதிரிக் கலம் அங்கிருந்து போயே போய்விட்டிருந்தது. ஆளில்லாத வெளியைக் கண்டு அந்தக் கலம் ஓட வேண்டியதாயிற்று. ஆணை எழுதுவது இரவல், பலகை இரவல், பகடையும் இரவல்; தளபதியின் அந்தத் தனிமை மட்டும் இந்த ஆட்டத்தில்தான் கிடைத்தது. தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட பூச்சி ஆட்டமும் ஆண்டின் இறுதியில் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதன் கூட்ட நகர்வு விதி இன்னும் சோதனையில் இருக்கிறது.

இவற்றின் அடிப்படையில் செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. வரும் ஆண்டு முதல் மன்றத்தின் பரிசீலனைக்கு வரும் ஒவ்வொரு விதிநூலின் முதல் பக்கத்திலும், எந்த விதி எந்த ஆட்டத்திலிருந்து வந்தது, எந்த உருவம் எந்தக் கதையிலிருந்து வந்தது என்று வடிவமைப்பாளர் குறிப்பிட வேண்டும். எடுத்ததை எதற்காக மாற்றினார் என்பதையும் ஓரிரு வரிகளில் எழுத வேண்டும். பழைய ஆட்டங்களோடு உள்ள ஒற்றுமையை மட்டும் காரணம் காட்டி, ஆடிப் பார்க்கப்படாத எந்த ஆட்டமும் நிராகரிக்கப்படக் கூடாது.

சோதனை ஆட்டங்களுக்கு நேரம் ஒதுக்கிய உறுப்பினர்களுக்கும், பழைய விதிநூல்களைத் தேடி எடுத்துத் தந்த நூலகப் பொறுப்பாளருக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்